நாயுருவி, கோலிக்குண்டு, எண்ணெய்த் துளி: வைரஸ் செல்லுக்குள் நுழைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி

பூட்டு, சாவி என்று சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். மஞ்சக்குப்பத்தில் அக்கா பையனுக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். "சரி மாமா, சாவி போட்டாச்சு, கதவு எங்க?" என்றான். நியாயமான கேள்வி, ஏனென்றால் செல்லின் சவ்வில் வைரஸ் நுழைகிற மாதிரி கதவே கிடையாது. இப்போது வேறு மாதிரி காட்டுகிறேன், எல்லாம் வீட்டில் கிடைப்பதுதான்.

முதலில் ஒட்டுவது. கெடிலம் கரைப்பக்கம் நடந்தால் வேட்டி ஓரத்தில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வரும் இல்லையா, அதில் கொஞ்சம் பறித்து வாருங்கள். பருத்தித் துண்டின் மேலும் பாலிதீன் பையின் மேலும் போட்டு உதறச் சொல்லுங்கள். துண்டில் பிடிக்கும், பையில் வழுக்கிவிடும். வைரஸும் அப்படித்தான், தேடிப்போக அதற்குக் காலும் இல்லை கண்ணும் இல்லை, மோதிய இடத்தில் தோதான பிடி இருந்தால் ஒட்டும். அந்தப் பிடிக்குப் பெயர் ஏற்பி. ஃப்ளூ வைரஸுக்கு அது சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை, கொரோனாவுக்கு ஏசிஇ2 புரதம். இதையெல்லாம் வைரஸுக்காக யாரும் வைக்கவில்லை. ஏசிஇ2 ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவுகிற புரதம், வைரஸ் அதில் தொற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் காட்டுங்கள்: ஒற்றை விதையை நகத்தால் தட்டினால் விழுந்துவிடும், கதிரோடு ஒட்டியதைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஃப்ளூ வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள்தான் ஏற்பியைப் பிடிப்பவை; ஒவ்வொரு முள்ளும் பிடிப்பது லேசாகத்தான், பல முட்கள் சேர்ந்து பிடிப்பதால்தான் நிற்கிறது.

அடுத்து உள்ளே போவது. அதே பாலிதீன் பையைத் தளர்வாக விரித்துப் பிடிக்கச் சொல்லி, மேலே ஒரு கோலிக்குண்டை வைத்து விரலால் அழுத்துங்கள். கீழ்ப்பக்கம் குண்டு தொங்கும்போது கழுத்தை முறுக்கிப் பிடியுங்கள். செல்லே இப்படித்தான் வைரஸை இழுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. இப்போது கேளுங்கள், குண்டு உள்ளே வந்துவிட்டதா? வந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பலரும் விட்டுவிடுகிற இடம் இது.

அந்தப் பைக்குள் செல் அமிலத்தை ஏற்றும். பிஎச் (அமிலம் ஏற ஏற இறங்குகிற அளவு) 5 பக்கம் வந்ததும் ஃப்ளூவின் முள் பட்டன் தட்டிய குடை மாதிரி படாரென்று உருமாறி, நுனியைப் பையின் சவ்வில் குத்தி அந்தச் சவ்வையும் வைரஸின் மேலுறையையும் நெருக்கி இழுக்கும். செல்லை ஒட்டுவதற்கு முன்பே அமிலம் பட்டுக் குடை விரிந்துவிட்டால் அந்த முள் வீண்.

கடைசிக் கட்டத்துக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றித் தேங்காய் எண்ணெயில் ஒரு பெரிய துளி விடுங்கள் (மார்கழிக் காலை என்றால் எண்ணெய் உறைந்திருக்கும், வெயிலில் வையுங்கள்). இன்னொரு கரண்டி எண்ணெயை மஞ்சள்தூளோடு சூடாக்கி ஆறவிட்டுத் தெளிந்ததில் ஒரு சின்னத் துளி. ஈர்க்குச்சியால் சின்னதைப் பெரியதன் பக்கம் தள்ளுங்கள். தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கி நிற்கும், அப்புறம் சட்டென்று ஒன்றாகிவிடும், மஞ்சள் உள்ளே பரவும். பையன் இதை ஆறு தடவை செய்யச் சொன்னான். சவ்வும் கொழுப்புதான், வைரஸின் மேலுறையும் கொழுப்புதான்; இரண்டும் கலந்ததும் வைரஸின் மரபுப்பொருள் செல்லுக்குள் இறங்கிவிடும், கதவு தேவைப்படவில்லை. எச்ஐவிக்கு அமிலம் வேண்டாம், சிடி4 ஏற்பியையும் கூடவே இன்னொரு புரதத்தையும் பிடித்தாலே முள் உருமாறிவிடும்.

தட்டைக் கழுவும்போது சோப்பு போட்டதும் எண்ணெய்ப் படலம் உடைவதையும் காட்டிவிடுங்கள், கொரோனா சமயத்தில் கை கழுவச் சொன்னது இந்தக் கொழுப்புறை கலைந்துவிடும் என்பதால்தான். போலியோ, வாந்தியும் பேதியும் தருகிற நோரோ வைரஸ்களுக்கு அந்த உறையே இல்லை, அவை நுழைகிற விதமும் வேறு. நோரோவுக்கு சானிடைசரை நம்பாமல் சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துத்தான் போக்க வேண்டும்.