குடும்பத்தோடு பார்க்கலாமா? ஒரு தொடரை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் முறை

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தாயிற்று. புதிதாக வந்த தொடர் ஒன்றை யாரோ போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஏதோ ஆரம்பிக்க, தாத்தா மோட்டுவளையைப் பார்க்கிறார், அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார், ரிமோட் மட்டும் யார் கையிலும் சிக்குவதில்லை. இது நடக்காத வீடு குறைவு.

இதைத் தவிர்க்கப் பெரிய தொழில்நுட்ப அறிவெல்லாம் வேண்டாம். ஒரு போனும் அரை மணி நேரமும் போதும். திரை ஓரத்தில் வரும் வயது எண்ணைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் நாட்டுக்கே பொதுவாகப் போட்டது. உங்கள் வீட்டு ஹாலில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: யார் யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டு பேரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே சின்னவர் ஒருவர், இருப்பதிலேயே சங்கடப்படுகிறவர் ஒருவர். சின்னவருக்காகக் கவனிக்க வேண்டியது பயமும் வன்முறையும். சங்கடப்படுகிறவருக்காகக் கவனிக்க வேண்டியது நெருக்கமான காட்சிகளும் கெட்ட வார்த்தைகளும். நாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முத்தக் காட்சி வந்தால் பதறியடித்து சேனலை மாற்றுகிறோம். கழுத்தை அறுக்கும் காட்சி வந்தால், பக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கும்போதே, "அது நிஜ ரத்தம் இல்லடா, கலர் தண்ணி" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடிக்கிறோம்.

ஐந்து, ஆறு வயதில் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவிலிருக்கும் கோடு இன்னும் சரியாக விழுந்திருக்காது. ரத்தத்தைவிட அம்மா தொலைந்துபோவதும், நாய்க்குட்டி சாவதும், ஒரு முகம் திடீரென்று விகாரமாவதும்தான் அந்த வயதைப் பிடித்து ஆட்டும். எட்டு, பத்து வயதுக்காரர் பேய்க் கதையை ரசித்துப் பார்ப்பார், ராத்திரி பாத்ரூமுக்குத் துணை கேட்பார். பதிமூன்றுக்கு மேல் பேயெல்லாம் தூசு. பள்ளியில் ஒருவனைக் கூட்டமாகச் சேர்ந்து அவமானப்படுத்துவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்ற காட்சிகள்தான் அந்த வயதில் உள்ளே இறங்கும்.

இன்னொன்று. வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு விழுந்திருந்தால், யாராவது ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தால், ஐசியு காட்சி நிறைந்த தொடர் எவ்வளவு சாதுவான சான்றிதழ் வாங்கியிருந்தாலும் அந்த மாதம் வேண்டாம்.

படி 2: வயது எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இணையம் வழியாகப் படமும் தொடரும் காட்டும் ஓடிடி தளங்களில் தொடரின் பெயருக்குக் கீழேயும், ஓட ஆரம்பிக்கும்போது திரையின் மேல் மூலையிலும் இது வரும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் இதற்கு ஐந்து வகை வைத்திருக்கின்றன: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. யு என்றால் எல்லாருக்கும். யு/ஏ 13+ என்றால் பதிமூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஏற்றது. அதற்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம். ஏ என்றால் பெரியவர்களுக்கு மட்டும். இந்த வகையைப் போடுவது அந்தந்தத் தளமே, தணிக்கை வாரியம் இல்லை. ஒரு தளம் கறாராகவும் இன்னொன்று தாராளமாகவும் இருக்கும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் தருவது தனிச் சான்றிதழ். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, அதுவரை ஒரே யுஏ-வாக இருந்ததை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே பழைய படத்தில் வெறும் யுஏ என்று இருந்தால் அது ஏழு வயதுக்கான யுஏ-வா, பதினாறுக்கான யுஏ-வா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"நான் இதை டிவியில் பார்த்தேனே, ஒன்றும் இல்லையே" என்று வீட்டில் ஒருவர் அடித்துச் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை டிவியில் அப்படியே போட முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்கிப் போடுகிறார்கள். கெட்ட வார்த்தைகளுக்கு ஒலியை அடைக்கிறார்கள். அதே படம் ஓடிடியில் வெட்டாமல் இருக்கலாம். டிவியில் பார்த்த ஞாபகத்தை நம்பி ஓடிடியில் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒரு தொடரைச் சிபாரிசு செய்தால் அவர் ஊர் எண்ணையும் கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் டிவி-14, டிவி-எம்ஏ (பெரியவர்களுக்கு), சிங்கப்பூரில் பிஜி13, என்சி16, எம்18, பிரிட்டனில் 12, 15, 18 என்று போகும். இரண்டு ஊர் எண்களும் ஒத்துப்போகாவிட்டால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள்

என்னைக் கேட்டால் வயது எண்ணைவிட இதுதான் உபயோகமானது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் மாதிரி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது இங்கேதான் இருக்கிறது. வன்முறை, பாலியல், நிர்வாணம், மொழி (அதாவது கெட்ட வார்த்தைகள்), போதைப்பொருள், பயம் என்று இரண்டு மூன்று சொற்கள் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில வினாடியில் மறைந்துவிடும். தவறவிட்டால் தொடரின் விவரப் பக்கத்துக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம்.

ஒரே யு/ஏ 16+ இரண்டு தொடர்களுக்கு இருக்கும். ஒன்றில் 'மொழி' என்று மட்டும் போட்டிருக்கும். கிரிக்கெட் விளையாடும் பையன்கள் கோபத்தில் திட்டுவதாக இருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தாங்கிக்கொள்ளலாம், பாட்டி கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். இன்னொன்றில் 'பாலியல் வன்முறை' என்று இருக்கும். அதை ஹாலில் போடவே கூடாது. எண் ஒன்றாக இருந்தாலும் முடிவு வேறு.

விதிகளில் சொல்லப்பட்ட விஷயங்களில் பிள்ளைகள் பார்த்துச் செய்துபார்க்கக்கூடிய செயல்களும் ஒன்று. மாடியிலிருந்து குதிப்பது, கயிற்றை வைத்து விளையாடுவது, தீ மூட்டுவது எல்லாம் இதில் அடங்கும். குறும்புக்காரப் பிள்ளை இருக்கும் வீட்டில் முத்தக் காட்சியைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

படி 4: ஏற்கெனவே பார்த்தவர்களைக் கேளுங்கள்

ஐஎம்டிபி தளத்தில் தொடரின் பெயரைத் தேடி, உள்ளே 'பேரன்ட்ஸ் கைடு' என்ற பகுதிக்குப் போங்கள். பாலியல், வன்முறை, வசை, மது போதை, பயமுறுத்தும் காட்சிகள் என்று ஐந்து தலைப்பு இருக்கும். ஒவ்வொன்றும் இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை என்று பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டது. ஓட்டை நம்புவதைவிட அதன் கீழே எழுதியிருக்கும் வரிகளைப் படியுங்கள். 'இரண்டாம் எபிசோடில் ஒருவனின் விரலை வெட்டுகிறார்கள், ரத்தம் தெரியும்' என்கிற மாதிரி நேராக எழுதியிருப்பார்கள். கதையை உடைக்கும் வரிகள் கடைசியில் தனியாக இருக்கும், விருப்பமில்லாவிட்டால் அங்கே போக வேண்டாம். ஆங்கிலத் தொடர்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் காமன் சென்ஸ் மீடியா என்ற தளமும் உண்டு. அங்கே எத்தனை வயதுக்கு ஏற்றது என்று பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் எழுதுகிறார்கள். பிள்ளைகள் எழுதுவதைப் படிக்கத் தமாஷாக இருக்கும்.

இந்தத் தளங்களில் தமிழ்த் தொடர்களுக்கு விவரம் குறைவு. தவிர, நமக்கு உறுத்தும் சில விஷயங்கள் அவர்கள் தலைப்புகளிலேயே கிடையாது. சாதியைச் சொல்லித் திட்டுவது, வரதட்சணைக் கொடுமையை நகைச்சுவையாக்குவது, கறுப்பாக இருப்பவரைக் கேலி செய்வது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவனையே கடைசியில் கதாநாயகி கல்யாணம் செய்துகொள்வது, இதற்கெல்லாம் அங்கே ஓட்டு இல்லை. இதற்கு அடுத்த படிதான் ஒரே வழி.

படி 5: நீங்களே பதினைந்து நிமிஷம் பாருங்கள், ஆனால் முதல் எபிசோடை மட்டும் பார்க்காதீர்கள்

முதல் எபிசோட் பலசமயம் நல்ல பிள்ளையாக இருக்கும். அதில் மயங்கி மூன்றாம் நாள் மாட்டிக்கொள்வோம். அதனால் போனில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இப்படிச் செய்யுங்கள். முதல் எபிசோடின் தொடக்கத்தில் ஐந்து நிமிஷம். மூன்றாவது அல்லது நான்காவது எபிசோடின் நடுவில் ஐந்து நிமிஷம். ஏதாவது ஒரு எபிசோடின் கடைசி ஐந்து நிமிஷம், ஏனென்றால் அதிர்ச்சியை அங்கேதான் வைப்பார்கள். நேரக்கோட்டில் விரலை வைத்து மெதுவாக இழுத்தால் பல தளங்களில் சின்னச் சின்னப் படங்கள் ஓடும். படுக்கையறை, ரத்தம், பிணம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

மொழி எப்படி என்று பார்க்க வசனவரியைப் போட்டுக்கொண்டு வேகமாக ஓட்டுங்கள். வேறு மொழித் தொடராக இருந்தால், குடும்பத்தோடு எந்த ஒலியில் பார்க்கப் போகிறீர்களோ அதே ஒலியில் சோதியுங்கள். தமிழ் டப்பிங்கில் 'முட்டாள்' என்று வருவது மூல ஒலியில் வேறு எதுவாகவோ இருக்கும்.

படி 6: டிவி சீரியலும் ரியாலிட்டி ஷோவும்

இவற்றுக்கு முன்கூட்டிய தணிக்கையும் கிடையாது, வயது எண்ணும் கிடையாது. கேபிள் டிவி விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை இருக்கிறது. இரவு 11 முதல் காலை 5 வரைதான் பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் என்று சேனல்களும் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. மற்றபடி மாலை ஆறு மணி சீரியலைச் சோதிக்க நீங்கள்தான் தணிக்கை வாரியம்.

சீரியலில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை, அதனால் குடும்பச் சித்திரம் என்று போட்டுவிடுகிறோம். பாலில் விஷம் கலப்பார்கள். கர்ப்பிணியை மாடிப்படியில் தள்ளிவிடுவார்கள். அறை வாங்கிய மருமகள் அழுதுகொண்டே காபி போடுவாள், அதற்கு உருக்கமான இசை வேறு. எனக்கு இது ஒரு முத்தத்தைவிடப் பெரிய பிரச்சினை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கவனித்துப் பாருங்கள். பொம்மையைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, "உன்னை நிம்மதியா வாழ விட மாட்டேன்" என்று நாலு வயசு வாய் சொல்லும். சீரியல் வில்லி வசனத்துக்கு நடுவில் விடும் இடைவெளியைக்கூட விடாது.

சீரியலைச் சோதிக்க ஒரு வாரத்தின் முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் பாருங்கள். கடத்தல், விபத்து எல்லாம் வாரக் கடைசிக்கே ஒதுக்கி வைத்திருப்பார்கள். வில்லிக்கு நூறு எபிசோட் வெற்றி, ஒரே ஒரு எபிசோட் தண்டனை என்று கதை போகிறதா என்று பாருங்கள். நடுவில் வரும் மற்ற சீரியல்களின் முன்னோட்டத்தையும் மறக்காதீர்கள். பிள்ளைகள் நிகழ்ச்சியின் இடைவேளையில் பேய் சீரியலின் முன்னோட்டம் வந்தால் சோதித்ததெல்லாம் வீண்.

குழந்தைகள் பாடும், ஆடும் போட்டிகளுக்கு வேறு கேள்வி. தோற்ற குழந்தையின் கண்ணீரை எத்தனை தடவை காட்டுகிறார்கள்? நடுவர் கிண்டல் செய்யும்போது கேமரா எங்கே போகிறது? எட்டு வயதுக் குழந்தையை என்ன மாதிரியான பாட்டுக்கு ஆட வைக்கிறார்கள்? பெரியவர்களுக்கான அசைவுகளைக் குழந்தைகளை வைத்து ஆடச் செய்வது பற்றி 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே சேனல்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

படி 7: பூட்டுப் போடுங்கள்

யு/ஏ 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்று ஓடிடி விதி சொல்கிறது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார் மூன்றிலும் அமைப்புகளுக்குள் போய், பிள்ளைக்குத் தனி புரொஃபைல், அதற்கு வயது வரம்பு, உங்கள் புரொஃபைலுக்கு ஒரு ரகசிய எண் (PIN). இந்த வரிசையில் செய்யுங்கள். பிள்ளைக்குப் பூட்டிவிட்டு உங்கள் புரொஃபைலைத் திறந்து போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரகசிய எண்ணாகப் பிள்ளையின் பிறந்த வருஷம் வேண்டாம், அதைத்தான் முதலில் அடித்துப் பார்ப்பார்கள். அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

பெரிய ஓட்டை டிவியில் இருக்கும் யூடியூப். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியை வைத்து, நான்கு வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று உள்ளதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒப்புதல் தந்தவை மட்டும் வருகிற மாதிரியும் அதில் வைக்கலாம்.

படி 8: பார்க்கும்போது

சோதித்தவர் கையில்தான் ரிமோட் இருக்க வேண்டும். எந்த இடத்தில் சங்கடம் வரும் என்று தெரிந்தால், "இந்த இடத்தை ஓட்டிடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். "கண்ணை மூடு, கண்ணை மூடு" என்று கத்தினால் பிள்ளை விரலிடுக்கில் பார்க்கும், பிறகு தனியாகத் தேடியும் பார்க்கும். சின்னவர் எழுந்து உங்கள் பின்னால் வந்து உட்கார்ந்தால், அல்லது தேவையில்லாமல் சிரிக்க ஆரம்பித்தால், பயந்துவிட்டார் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு வேறு போடுங்கள்.

படி 9: புகார்

இவ்வளவும் செய்து, மாலை நேரத்தில் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் ஏதாவது வந்தால் கடிந்துகொள்வதோடு விடாமல் எழுதுங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி சேனலுக்கும் ஓடிடிக்கும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரை 15 நாளில் முடித்து வைக்க வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் அவர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கு மேல் மத்திய அரசுக்கும் போகலாம். புகாரில் சேனல், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், அந்தக் காட்சியில் என்ன வந்தது என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். 'கலாசாரம் சீரழிகிறது' என்று இரண்டு பக்கம் எழுதினால் எந்தக் காட்சியைச் சொல்கிறீர்கள் என்றே அவர்களுக்குப் புரியாது.