ஹோட்டல் மேசையில் மேஜிக்: இடம் பார்த்து ஐட்டம் பிடிப்பது எப்படி?

மேசை மேஜிக்கில், அதாவது ஹோட்டலில் சாப்பிட வந்தவர்களிடம் மேசைக்கு மேசை போய் வித்தை (எங்கள் பேச்சில் 'ஐட்டம்') காட்டுவதில் இறங்கிய புதிதில், சென்னையில் ஒரு சைவ ஹோட்டலில் வெறும் துணிப்பைக்குள் கையை விட்டு முட்டையை எடுத்துக் காட்டினேன். குழந்தைகள் கைதட்டினார்கள். பக்கத்து மேசைப் பெரியவர் எழுந்து நேராகக் கல்லாவுக்குப் போனார். பிளாஸ்டிக் முட்டைதான் சார் என்றேன், யார் கேட்டார்கள்! இப்போது அதே பையிலிருந்து எலுமிச்சம்பழம் வருகிறது.

நாலைந்து ஐட்டம் உங்களுக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் சாப்பிடப் போங்கள்

சனிக்கிழமை இரவு, சாதாரண வாடிக்கையாளராக. கேப்டன் ஆர்டர் எடுத்துக்கொண்டு நகர்ந்ததிலிருந்து முதல் தட்டு வரும்வரை எத்தனை நிமிடம் என்று சில மேசைகளைக் கவனியுங்கள். உங்களுக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். டிபன் ஹோட்டலில் 5 நிமிடத்தில் இட்லி வந்துவிடும், அங்கே ஒன்றரை நிமிட ஐட்டம் ஒன்று போதும். தந்தூரி இடங்களில் 15 நிமிடம்கூடக் கிடைக்கும், மூன்று செய்யலாம்.

2. மேசை, வெளிச்சம், காற்று

கண்ணாடி மேசையில் சீட்டின் அடிப்பக்கம் அப்படியே தெரிந்துவிடும். அங்கே எல்லாவற்றையும் உள்ளங்கையிலேயே செய்யுங்கள். மங்கல் வெளிச்ச இடத்தில் ஆர்ட்டினும் டைமனும் ஒன்றுபோலிருக்கும், எண்ணும் சின்னமும் பெரிதாக அச்சிட்ட கட்டு வேண்டும். ஈசிஆர் பக்கம் மொட்டைமாடி உணவகமா? கடற்காற்றில் சீட்டுக்கட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். கயிறு அல்லது நாணயம்.

நாணயத்தில் என் ஓட்டு நம்ம 10 ரூபாய்க்குத்தான். 27 மி.மீ. அகலம், இரண்டு நிறம், எதிர் நாற்காலிக்கும் தெரியும். வெளிநாட்டு நாணயத்தை நீட்டினால் 'இதுல ஏதோ இருக்கு' என்று ஆரம்பத்திலேயே சந்தேகம் வந்துவிடும். காந்தம் வைத்துச் செய்பவர்கள் கவனிக்க: இப்போதைய 1, 2 ரூபாய் எஃகு நாணயங்கள் ஒட்டும், 10 ரூபாய் ஒட்டாது.

3. அவர்கள் கை எங்கே இருக்கிறது?

நான் மாதக்கணக்கில் திணறியது இதில்தான். நான் பார்த்துப் பழகிய வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் முள்கரண்டியை வைத்துவிட்டுச் சீட்டை உருவுவார்கள். நம் ஊரில் சாப்பாடு வந்த மறுநிமிடம் வலக்கை குழம்பில் இருக்கும். 'ஒரு சீட்டு எடுங்க' என்றால் சங்கடத்தோடு இடக்கையை நீட்டுவார்கள், அல்லது 'பரவாயில்ல தம்பி, நீங்களே எடுங்க' என்பார்கள். ஐட்டம் அங்கேயே படுத்துவிடும். இப்படி ஒருமுறை என் புதுக் கட்டில் நெய்த்தோசை விரல் பதிந்து, அன்று இரவு முழுக்க அந்த ஒரு சீட்டு மட்டும் தானாகவே அடையாளம் காட்டியது.

எனவே இப்படிப் பிரித்துக்கொண்டேன். அவர்கள் கையில் நடக்க வேண்டியவை, அதாவது ஸ்பாஞ்சு பந்து, சீட்டு எடுப்பது எல்லாம் தட்டு வருவதற்கு முன்னால். சாப்பிடும்போது மேசைப் பக்கமே போவதில்லை. அப்புறம், ஃபிங்கர் பவுல் வரும்போது திரும்பப் போகிறேன். கை கழுவி, பில்லுக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளிதான் எனக்கு மிகப் பிடித்தது. பவுலில் எலுமிச்சைத் துண்டு மிதந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்தபடியே பையிலிருந்து முழுப்பழத்தை எடுத்தால் சிரிப்பு நிச்சயம்.

4. சர்வர் வழியை மறிக்காதீர்கள்

சூப்பர்வைசரிடம் முன்பே கேட்டு, சர்வர் பரிமாறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். தட்டோடு அவர் வந்துவிட்டால் பாதியில் இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பின்சேர்க்கை: மேசை நடுவில் கரி அடுப்பு வைக்கும் பஃபே இடங்களுக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பட்டுக் கைக்குட்டை, ஸ்பாஞ்சு இரண்டும் அந்த மேசை அருகில் வேண்டாம். அங்கே ஆட்கள் எழுந்துபோய்க்கொண்டே இருப்பார்கள், நான் வாசலில் டேபிளுக்குக் காத்திருப்பவர்களிடமே செய்துவிடுகிறேன். கையும் சுத்தமாக இருக்கும், பசியில் கொஞ்சம் கடுகடுப்பாக இருப்பார்கள், அவ்வளவுதான்.