பிடித்த கலைப்படைப்பைப் பிறருக்குக் காட்டிப் பேசுவது எப்படி?

ஓர் ஓவியமோ சிற்பமோ தமக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வது எவருக்கும் எளிது. ஏன் பிடித்திருக்கிறது என்று பத்துப் பேருக்கு முன்னால் விளக்க வேண்டி வரும்போதுதான் "அருமை", "அற்புதம்", "உயிரோட்டம்" என்னும் சில சொற்களுக்குள் பேச்சு முடங்கிவிடுகிறது. திருகோணமலையில் வாசிகசாலைக் கூட்டங்களிலும், பாடசாலைச் சித்திர மன்றங்களிலும், மாலையில் டச்சுக் குடாக் கரையில் கூடும் நண்பர்களிடையிலும் இத்தகைய பேச்சுக்கு இடமுண்டு. கால் மணிநேரம் கிடைத்த ஒருவர், கேட்போர் தம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளும்படி தம் வியப்பை எவ்வாறு எடுத்துரைக்கலாம் என்பதே இங்கு பொருள்.

முதலில் ஒரேயொரு படைப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு கலைஞரின் வாழ்நாள் முழுவதையும் சொல்ல முனைபவர் பிறந்த ஆண்டு, படைப்புகளின் பட்டியல், பெற்ற பரிசுகள் என்று போய்விடுவார். படம் ஓரமாக நின்றுவிடும். அது புகழ்பெற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்திரகாளி அம்மன் கோயிலின் சுதை உருவங்களுள் ஒன்று உங்களை நிறுத்திப் பார்க்க வைத்திருந்தால், மோனாலிசாவைத் தேடிப் போகத் தேவையில்லை. தெரிவு சரிதானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. படத்தை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து அதன் அமைப்பை ஒரு தாளில் பென்சிலால் கீறிப் பாருங்கள். கோடு அழகாக வர வேண்டியதில்லை. கை எதை முதலில் கீறியது, எதை விட்டுவிட்டது என்பதே முக்கியம். முதலில் கீறிய இடத்தில்தான் பெரும்பாலும் உங்கள் வியப்புக்கான காரணம் இருக்கும். விட்டுப்போன இடத்தை மறுபடி படத்தில் தேடிப் பார்க்கும்போது பேச்சுக்கு இரண்டாவது செய்தி கிடைத்துவிடும். ஒன்றுமே கீற வரவில்லையென்றால், உங்களுக்குப் பிடித்திருப்பது அந்தப் படைப்பின் பெயர் மட்டுமே. வேறொன்றைத் தேடுவது நல்லது.

அடுத்து, காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்நேர்த்தியால் பிடித்ததா, அது சொல்லும் பொருளால் பிடித்ததா, நம் வாழ்வோடு அதற்குள்ள உறவால் பிடித்ததா என்பது பெரும்பாலும் குழம்பியே கிடக்கும். ராஜா ரவி வர்மா 1894ஆம் ஆண்டு மும்பையில் அச்சகம் தொடங்கியதன் பின், எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய இலக்குமியும் சரஸ்வதியும் மலிவான அச்சுப் படங்களாகி எளியோர் வீடுகளுக்குள்ளும் புகுந்தார்கள். நம் வீட்டுச் சுவாமி அறைகளில் தொங்கும் படங்கள் பலவும் அந்த வழியில் வந்தவையே. அத்தகைய ஒரு படம் அம்மம்மாவின் விளக்குக்கு மேலே தொங்கியதால்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் கேட்போருக்கு உங்கள் அம்மம்மா இல்லை. ஆகவே அந்த நினைவை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, வீணையில் படிந்த விரல்களையும் சேலை மடிப்பில் விழும் ஒளியையும் சுட்டிக் காட்டுங்கள். உங்கள் காரணத்தில் எவ்வளவு பகுதியைப் பிறர் கண்ணும் காண முடியும் என்பதைப் பொறுத்தே பேச்சு நிற்கும்.

கேட்போர் யார் என்பதும் தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் ஏறத்தாழ 1831ஆம் ஆண்டில், எழுபது வயதை எட்டிய காலத்தில் வரைந்த பேரலைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பியூஜி மலையைப் பல கோணங்களிற் காட்டும் வரிசையில் வந்த மர அச்சுப் படம் அது. உலகெங்கும் அதைப் பற்றிப் பேசுவோர் அலையிலிருந்தே தொடங்குவார்கள். இந்த ஊரில் வள்ளங்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம். அலைக்கு அடியில் நீண்டு ஒடுங்கிய மூன்று படகுகள் இருக்கின்றன. பிடித்த மீனை நகரச் சந்தைக்கு விரைந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே அமைந்த படகுகள் அவை. துடுப்பு வலிப்போர் தலையைக் குனிந்து படகோடு படகாக ஒட்டிக் கிடக்கிறார்கள். வாடைக்காற்றுக் காலத்துக் கடலை அறிந்தவர்களுக்கு அந்தக் குனிவை விளக்க வேண்டியதில்லை. அதன் பின்னர்தான் நுரையின் விரல்களையும், அந்த நுரைக்குக் கீழே, படத்தின் நடுவை அண்டிச் சிறிய முக்கோணமாகத் தெரியும் மலையையும் காட்ட வேண்டும். முன்புறத்துச் சிற்றலை ஒன்று அந்த மலையின் வடிவிலேயே எழுந்திருப்பதைப் பலர் அப்போதுதான் காண்பார்கள். அந்நாட்டின் மிகப் பெரிய மலையை ஒரு மூலைத்துண்டு அளவுக்குச் சுருக்கி, மறுகணம் உடைந்துவிடப் போகும் நீரை வானளவு உயர்த்திய துணிவே என்னை இந்தப் படத்தோடு கட்டிப்போட்டது. வெளிநாட்டிலிருந்து அப்போது ஜப்பானுக்கு வந்துகொண்டிருந்த பிரஷ்ய நீல நிறமி இல்லாவிட்டால் அந்த நீரின் ஆழம் இப்படி அமைந்திராது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இதே படத்தை இங்கே காட்டும்போது இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மூதூரிலும் கிண்ணியாவிலும் இக்கரையின் ஏனைய ஊர்களிலும் உயிர்களை இழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். ஹொகுசாய் வரைந்தது ஆழ்கடலில் காற்றால் எழுந்த அலை, சுனாமி அல்ல என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அந்த விளக்கம் பார்ப்பவரின் நினைவைத் தடுத்துவிடாது. எந்தப் படத்தைக் காட்டப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். எவரேனும் எழுந்து போனால் காரணம் கேட்காதீர்கள். எவரேனும் தம் இழப்பைச் சொல்லத் தொடங்கினால் உங்கள் குறிப்பை மடித்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வழிபாட்டுக்குரிய உருவங்களைப் பற்றிப் பேசுவதில் வேறொரு சிக்கல் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பின் நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்த சோமாஸ்கந்தர் முதலிய திருவுருவங்கள், 1950ஆம் ஆண்டு ஊருக்குள் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன என்பதை நம்மவர் அனைவரும் அறிவர். அவற்றை இன்று நாம் காண்பது பட்டும் மாலையும் சாத்திய கோலத்தில். சிற்பியின் வேலையில் முகமும் கைகளும்தான் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும். ஆகவே காணாததை வருணிக்காமல், கண்ட முகத்தையும் கை முத்திரையையும் மட்டும் சொல்லுங்கள். பக்தியால் ஏற்பட்ட நெகிழ்வையும் வார்ப்பு வேலையால் ஏற்பட்ட வியப்பையும் தனித்தனியாகச் சொன்னால், சைவரல்லாத நண்பர்களும் இரண்டாவதை உங்களோடு பகிர்ந்துகொள்ள முடியும். மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பின் அச்சையே உடைத்து எடுக்கும் முறையை இரண்டு நிமிடத்தில் விளக்கினால், ஒவ்வொரு திருவுருவமும் ஏன் ஒன்றே ஒன்றாக இருக்கிறது என்பது எவருக்கும் விளங்கும். சன்னிதியில் படம் பிடிக்க முனையாதீர்கள். வேண்டுமாயின் குருக்களிடமோ நிருவாகத்திடமோ கேட்டு, அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அலங்காரமற்ற நிலையில் வார்ப்புச் சிற்பங்களைப் பார்க்க விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகலாம். பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து கிடைத்தவை அங்கே உள்ளன. அவற்றுள் நடராசரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. நானோ காரைக்கால் அம்மையாரைத்தான் காட்டுவேன். வற்றிய உடல், தெரியும் விலா எலும்புகள், கையில் தாளம். அழகு வேண்டாம், பேயுருவே போதும் என்று இறைவனிடம் கேட்டுப் பெற்றவராகப் பெரியபுராணம் கூறும் ஒருவரை, அருவருப்பும் இரக்கமும் தோன்றாதபடி சிற்பி வார்த்திருக்கிறார். பிடித்த படைப்பு அழகாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவோருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி எனக்குத் தெரியாது.

கைப்பேசித் திரையைக் கைமாற்றிக் காட்டுவதை இயன்றவரை தவிருங்கள். ஹொகுசாயின் படம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரமும் 37 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. ஊரில் உள்ள போட்டோகொப்பிக் கடையில் ஏ3 தாளில் நிற அச்சு எடுத்தாலே கிட்டத்தட்ட அசல் அளவு வந்துவிடும். நியூயோர்க்கிலுள்ள மெற்றோபொலிற்றன் நூதனசாலை, பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் தெளிவான படங்களை இலவசமாகத் தரவிறக்கத் தருகிறது. இந்தப் படமும் அவற்றுள் அடங்கும். சிற்பமானால் அதன் உயரத்தைக் கையால் காட்டிவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொருவரும் ஓர் அளவைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடம் படத்தை மட்டும் காட்டி மௌனமாக இருங்கள். பிறகு, முதலில் கண்ணில் பட்டது எது என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். அவர்கள் சொன்ன இடத்திலிருந்து நீங்கள் காட்ட விரும்பும் இடத்துக்குப் போய், அங்கே நிதானமாக நின்று, உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். கலைஞரின் வரலாறு கடைசியில் வரட்டும். அதிலும், படத்தைப் பார்க்கும் விதத்தை மாற்றக்கூடிய செய்தி மட்டும் போதும்.

"எனக்குப் பிடிக்கவில்லை" என்று எவரேனும் சொன்னால் வாதாட வேண்டாம். எந்த இடம் பிடிக்கவில்லை என்று விரலால் தொட்டுக் காட்டும்படி கேளுங்கள். அவர் காட்டும் இடம் பலவேளைகளில் நீங்கள் வியந்த அதே இடமாக இருக்கும்; அப்போது மீதி நேரத்தை அவருக்கே கொடுத்துவிடலாம்.