முதல் செடித்தொட்டி: விளக்கு குறைவாக, செடி நிறைய

புதிதாகச் செடித்தொட்டி, அதாவது நீருக்கடியில் செடி வளர்க்கும் மீன்தொட்டி, வைப்பவர்கள் முதல் மாதத்திலேயே பாசியிடம் தோற்பது வழக்கம். நாலைந்து செடிகளை நட்டுவிட்டு நாள் முழுக்க விளக்கை எரியவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். வெளிச்சம் கூடக்கூடச் செடி அதிகக் கரியமில வாயுவும் உரமும் கேட்கும். கிடைக்காவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும். கொஞ்சம் சத்திலேயே பிழைக்கத் தெரிந்த பாசி நிற்காது. கீழே உள்ளது கரியமில வாயு சிலிண்டர் இல்லாத தொட்டிக்கான முறை.

படி 1: தொட்டி

60×30×30 செ.மீ. அளவு போதும், 54 லிட்டர் கொள்ளும். சின்னத் தொட்டிதான் சுலபம் என்று நினைக்காதீர்கள். 10 லிட்டரில் ஒரு மீன் செத்தாலே தண்ணீர் கெட்டுவிடும். மேசை உறுதியாக, மட்டமாக இருக்கட்டும். ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம்.

படி 2: அடிமண்

அக்வா சாயில் (நீர்ச்செடிகளுக்கான சத்துள்ள குருணை மண்) என்றால் கழுவாமல் போடுங்கள். கழுவினால் குருணை உடைந்து சேறாகும். முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. எனச் சரிவாகப் பரப்பினால் தொட்டிக்கு ஆழம் கிடைத்த மாதிரி தெரியும். சுமார் 11 லிட்டர் மண் பிடிக்கும். செலவைக் குறைக்க 2–3 மி.மீ. சரளையும் போடலாம். அதில் சத்து கிடையாது என்பதால் வேர் வழி உண்ணும் செடிகளுக்கு அருகே உரமாத்திரை புதைக்க வேண்டும்.

பெரிய கல்லையோ கட்டையையோ நட்டநடுவில் வைக்காமல், ஒரு ஓரத்திலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். புதுக் கட்டையில் வெள்ளையாகப் பூத்தால் பயம் வேண்டாம், சில வாரங்களில் தானே போய்விடும்.

படி 3: நடுதல்

மண்ணை ஈரமாக்கிவிட்டு, தண்ணீர் நிரப்பும் முன்பே நடுவது கைக்கு எளிது. முதல் நாளே தரைப்பரப்பில் பாதிக்கு மேல் செடி நிறைய வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்பக்கம் வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, நடுவில் கிரிப்டோகோரைன், கட்டையில் நூலால் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். கடைசி இரண்டின் கிடைத்தண்டை (இலையும் வேரும் கிளம்பும் படுக்கைத் தண்டு) மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். தண்டுச்செடிகளின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக இடுக்கியால் சொருகுங்கள்.

பிறகு மண்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெதுவாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்கும் டீகுளோரினேட்டர் அவசியம்.

படி 4: விளக்கு, ஃபில்டர்

டைமர் வைத்து தினம் 6 மணி நேரம். செடிகள் நன்கு பிடித்த பிறகே 8 மணி நேரம் வரை போகலாம். ஃபில்டர் மணிக்கு 250–300 லிட்டர் தள்ளினால் போதும். அதை இரவிலும் நிறுத்தக் கூடாது, உள்ளே வாழும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

படி 5: மீன் இல்லாத வாரங்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதைச் செடி தின்றுவிடும். இந்தப் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். புது அக்வா சாயிலே அமோனியாவைக் கசியவிடும் என்பதால் முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். வெறும் சரளை என்றால் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அது மக்கி அமோனியா தரும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டி, ஒரு வாரம் அப்படியே நின்றால் நாலைந்து கப்பியோ ராஸ்போராவோ விடலாம். அடுத்த மீன்களை விட இரண்டு வாரம் பொறுங்கள்.

என்ன தவறாகும்

கிரிப்டோகோரைன் இலை மொத்தமும் கரைந்து போனால் பிடுங்கி எறியாதீர்கள். நீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட செடி பழைய இலையை உதிர்க்கிறது. வேரிலிருந்து புதிது வரும். கண்ணாடியில் பழுப்புத் தூசி படிந்தால் அது புதுத் தொட்டியில் வரும் டயாட்டம் என்ற பழுப்புப் பாசி. துடைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். பச்சை நூல்பாசி என்றால் விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள்.

இலையைப் பார்த்தே பசியைச் சொல்லலாம். பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம், புதுத்தளிர் வெளிறினால் இரும்பு. திரவ உரத்தை முதலில் பாட்டிலில் சொன்னதில் பாதி அளவில் தொடங்குங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் பட்டால் ஆறு வார உழைப்பு வீண். தண்டுச்செடி மேல்மட்டத்தைத் தொட்டதும் கணுவுக்குக் கீழே வெட்டி, நுனியை வெற்றிடத்தில் நடுங்கள். அடித்தண்டில் இரண்டு கிளை வரும்.