வாத்தைப் பேச்சில் இழுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் வெளியேறினால் 'டக் அவுட்'. பூஜ்யம் வாத்து முட்டை போல இருப்பதால் வந்த பெயர். பரீட்சையில் 'முட்டை வாங்கினான்' என்று நாம் சொல்வதும் அந்த வடிவத்தைப் பார்த்துத்தான். இதுவரை யாரும் தவறுவதில்லை, அடைமொழி சேர்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது. பூஜ்யத்தில் போன எல்லோருக்கும் 'கோல்டன் டக்' என்று எழுதிவிடுகிறார்கள். தான் சந்தித்த முதல் பந்திலேயே ஆட்டமிழந்தால் மட்டுமே அது கோல்டன். 1948இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலிய வீரர் பிராட்மேன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் எரிக் ஹோலிஸிடம் பூஜ்யத்தில் வீழ்ந்தது இரண்டாவது பந்தில். நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும், 99.94இல் நின்றுவிட்டது. அந்தச் சோகத்துக்குத் தவறான பெயர் வைக்க வேண்டாம். ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் ரன் அவுட் ஆனால் 'டைமண்ட் டக்'. பூஜ்யத்தில் ஆட்டமிழக்காமல் நின்றால் அது டக்கே கிடையாது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. பதவிக்காலம் முடியப்போகும் தலைவரை ஆங்கிலத்தில் 'லேம் டக்' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் பங்குச் சந்தையில், கடனைக் கட்ட முடியாத தரகருக்கு வைத்த பட்டம் அது. அதை 'நொண்டி வாத்து' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, உடற்குறையை வசவாக்கிய பழியும் சேரும். 'பல் பிடுங்கிய பாம்பு' என்று நம்மிடமே இருக்கிறது. இல்லையென்றால் 'பதவி இருக்கிறது, அதிகாரம் இல்லை' என்று நேராகவே சொல்லலாம்.

எதுவும் ஒட்டாமல் வழிந்துபோவதைச் சொல்லும் 'வாத்தின் முதுகில் விழுந்த தண்ணீர்' என்ற ஆங்கில வழக்கும் அப்படித்தான். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பற்றில்லாத மனதைச் சொல்கிறோமா? அப்படியானால் தாமரை இலைத் தண்ணீர். எவ்வளவு திட்டினாலும் உறைக்காத ஆளா? எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி. இரண்டும் வேறு வேறு குணம், மாற்றிப் போட்டால் பாராட்டு வசவாகிவிடும்.

பொன் முட்டையிடும் வாத்தை நல்ல வருமானம் தரும் எதற்கும் உவமையாக்குகிறோம். ஆனால் கதையின் உயிர் பேராசையில் வாத்தை அறுப்பதில் இருக்கிறது. ஒருவர் அப்படிக் கெடுக்கும் இடத்தில் சொன்னால்தான் அந்த உவமை கடிக்கும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது சக்கரவாகத்துக்கு நடப்பது. ராகத்தின் பெயர் என்று தெரியும், கர்நாடக இசையின் 16ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) என்றுகூடச் சொல்வார்கள். பறவை என்றதும் கற்பனை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது உண்மையில் ஒரு வாத்து வகை. ஆரஞ்சு கலந்த பழுப்பு உடல், வெளிறிய தலை. குளிர்காலத்தில் இந்திய நீர்நிலைகளில் ஜோடியாகப் பார்க்கலாம். அந்த ஜோடி இரவானால் பிரிந்து, ஆளுக்கொரு கரையில் நின்று ஒன்றையொன்று கூப்பிட்டு ஏங்கும் என்பது கவிமரபு. அப்புறம் 'நிலவுக்கு ஏங்கும் சக்கரவாகம்' என்று எழுதினால் எப்படிப் பொருந்தும்? நிலவை உண்ணும் பறவை சகோரம். மழைத்துளிக்குக் காத்திருப்பது சாதகம். சக்கரவாகத்துக்கு இரவு என்றாலே பிரிவு, அது காத்திருப்பது விடியலுக்கு.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக் குஞ்சின் கதையையும் 'உழைத்து முன்னேறியவர்' என்ற பொருளில் இழுக்கிறார்கள். அந்தக் குஞ்சு எதையும் உழைத்துப் பெறவில்லை. அது முட்டையிலிருந்தே அன்னம், சுற்றியிருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. தவறான இடத்தில் அளக்கப்பட்ட குழந்தையைப் பற்றிப் பேசும்போது சொல்ல வேண்டிய கதை.

வாத்து கத்தினால் எதிரொலிக்காது என்ற செய்தி இன்னும் சுற்றுகிறது. 2003இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெய்சி என்ற வாத்தை வைத்துச் சோதித்தார்கள், எதிரொலிக்கத்தான் செய்தது.

கடைசியாக 'வாத்து மடையா' என்ற வசவு, அதுவும் பொருந்தாது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2016இல் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வாத்துக் குஞ்சுகளுக்கு நகரும் இரண்டு பொருள்களைக் காட்டினார்கள். சிலவற்றுக்கு ஒரே வடிவ ஜோடி, சிலவற்றுக்கு வேறு வேறு வடிவ ஜோடி. பிறகு அதுவரை பார்த்தே இராத பொருள்களை வைத்தபோது, 'ஒரே மாதிரி' பார்த்த குஞ்சுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி ஜோடியின் பின்னால் போயின, 'வேறு மாதிரி' பார்த்தவை வேறு மாதிரி ஜோடியின் பின்னால். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தீனி காட்டிப் பழக்கவும் இல்லை.