100 மெகாபிட் இணைப்பில் 1 மெகாபைட் வேகமா? டிசிபி விண்டோவைச் சரிசெய்யும் வழி

செங்கோட்டையில் என் வீட்டுக்கு 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. அமெரிக்க சர்வரிலிருந்து கோப்புகளை இறக்க நான் எழுதிய நிரலோ வினாடிக்கு 1 மெகாபைட்டைத் தாண்டவில்லை. 8 மெகாபிட் ஒரு மெகாபைட் என்பதால் 12 வர வேண்டும். மூன்று இரவுகள் இணைப்பையே சந்தேகித்தேன். கோளாறு நிரலில் இருந்தது.

நிரலிலிருந்து சாக்கெட் (பிணையத்தோடு பேசும் முனை) திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் பிங் போட்டுப் போய்வரும் நேரத்தைப் பாருங்கள். எனக்கு 200 மில்லிவினாடி. அதை வேகத்தால் பெருக்கினால் 20 மெகாபிட், அதாவது 2.5 மெகாபைட். எந்நேரமும் இவ்வளவு தரவு வழியில் இருந்தால்தான் இணைப்பு நிறையும். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை வழியே கேரளத்துக்குக் காய்கறி லாரிகள் போகின்றன. இரண்டு லாரிகள் போய்ச் சேர்ந்த தகவல் வந்த பிறகே அடுத்த இரண்டு கிளம்பும் என்றால், சாலை அகலமாக இருந்து என்ன பயன்? அந்த 'இரண்டு'தான் விண்டோ: பெற்றுக்கொண்ட தகவல் வருமுன் வழியில் இருக்கக்கூடிய தரவின் அளவு.

இணையத்தில் தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை டிசிபி. அதன் பாக்கெட்டின் தலைப்பகுதியில் (ஹெடர்) விண்டோவுக்கு 16 பிட்தான் இடம். 65,535 பைட்டுக்கு மேல் குறிக்க முடியாது. 1992இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணையத் தர ஆவணம் தந்த விண்டோ ஸ்கேலிங் அந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ள வழி செய்தது. பெருக்கம் எவ்வளவு என்பது இணைப்பைத் தொடங்கும் முதல் 'சின்' பாக்கெட்டுகளில் மட்டுமே பேசப்படும். விண்டோவின் அளவு, வந்த தரவைத் தாங்கிவைக்கும் நினைவிடமான பஃபரைப் பொறுத்தது. ஆகவே பஃபர் அளவைக் குறிப்பதானால் 'கனெக்ட்' அழைப்புக்கு முன்பே குறியுங்கள். சர்வர் பக்கம் 'லிசன்' அழைப்புக்கு முன்பே.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். பெறும் பஃபரை 4 மெகாபைட் என்று கேட்டிருந்தேன். லினக்ஸ் பிழை எதுவும் காட்டாமல், பெறும் பஃபருக்கு என் கணினியில் இருந்த ஆர்மெம்_மேக்ஸ் என்ற மேல்வரம்பான 2,12,992 பைட்டுக்கு அதை வெட்டிவிட்டது. அதைவிடக் கேடு, அளவை நாமே குறித்ததும் லினக்ஸின் மையமான கெர்னல் பஃபரைத் தானாக வளர்ப்பதை நிறுத்திவிடுகிறது. 200 மில்லிவினாடிக்கு ஒருமுறை 2,12,992 பைட் என்றால் வினாடிக்குச் சுமார் 1 மெகாபைட்: மூன்று இரவுகளாக நான் பார்த்த அதே எண். சாக்கெட்டின் அமைப்பைப் படிக்கும் கெட்சாக்ஆப்ட் அழைப்பைக் கொண்டு திரும்பப் படித்தால் 4,25,984 என்று வரும். கெர்னல் தன் கணக்குவழக்குக்காக இரட்டித்துக்கொள்வது அது, குழம்ப வேண்டாம்.

பஃபர் அளவைக் கேட்ட அந்த ஒரு வரியை நீக்கினேன். வேகம் வினாடிக்கு 11 மெகாபைட்டுக்கு ஏறியது.

சோதிக்க எனக்கு, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைவிட, சாக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் லினக்ஸின் 'எஸ்எஸ்' கட்டளையே பிடிக்கும். வயர்ஷார்க்கைப் பாதியில் தொடங்கினால் 'சின்' தவறிப்போய், விண்டோவைப் பெருக்காமல் காட்டும்.

பின்சேர்க்கை: ஒரே கணினியில் சோதித்ததில் வித்தியாசமே தெரியவில்லை என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். தாமதம் இல்லாத இடத்தில் இந்தக் குறை வெளிப்படாது, தம்பி. செயற்கையாகத் தாமதம் சேர்க்கும் லினக்ஸ் வசதியான 'நெட்எம்' கொண்டு, கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக்கில் 100 மில்லிவினாடி சேருங்கள். போகும்போதும் வரும்போதும் சேர்ந்து 200 ஆகிவிடும். சோதனை முடிந்ததும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.