மய்யித்தைக் குளிப்பாட்டி கஃபனிடும் முறை

ஒரு முஸ்லிம் இறந்துவிட்டால் மற்றவர்கள் அவருக்குச் செய்ய வேண்டியவை நான்கு: மய்யித்தை (இறந்தவரின் உடலை) குளிப்பாட்டுதல், கஃபனிடுதல் (அடக்கத் துணியால் சுற்றுதல்), ஜனாஸா தொழுகை (இறந்தவருக்கான தொழுகை), அடக்கம். நான்கும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது கூட்டுக் கடமை. ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் அறிந்த அத்தனை பேரும் குற்றவாளிகள். தொழுகைக்கும் அடக்கத்துக்கும் ஜமாஅத் தானாகக் கூடிவிடுகிறது. குளிப்பாட்டத்தான் ஆள் தேடுகிறோம். வாப்பாவை மகன்களும் உம்மாவை மகள்களும் குளிப்பாட்டுவதே சிறந்தது. நெருங்கிய உறவின் கைக்கு இருக்கும் பரிவும், உடலின் குறையை வெளியே சொல்லாத வாயும் கூலிக்கு வருபவரிடம் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முறை தெரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

உயிர் பிரிந்த சில நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. கண்களை மூடிவிடுங்கள். நபித்தோழர் அபூ ஸலமா (ரலி) இறந்தபோது நபி (ஸல்) அவர்களே அவருடைய கண்களை மூடினார்கள். தாடைக்கு அடியில் அகலமான துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சிடுங்கள். கை, கால், விரல் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு திறந்த வாயை மூடவோ மடங்கிய காலை நீட்டவோ வலுவைக் காட்ட நேரும். அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள். உடுத்தியிருந்த ஆடையைக் கழற்றி, முழு உடலையும் துணியால் மூடி வையுங்கள்.

குளிப்பாட்ட மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஒருவர் கழுவ, ஒருவர் நீர் ஊற்ற, மற்றவர் உடலைச் சாய்த்துப் பிடிக்க. ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்ட வேண்டும். சிறு குழந்தையை யாரும் குளிப்பாட்டலாம். கணவனை மனைவி குளிப்பாட்டுவதில் கருத்து வேறுபாடு இல்லை. மனைவியைக் கணவன் குளிப்பாட்டுவதை ஷாஃபிஈ மத்ஹபு (மார்க்கச் சட்டப் பள்ளி) அனுமதிக்கிறது, ஹனஃபி மத்ஹபு அனுமதிப்பதில்லை. வேலையில்லாதவர் யாரும் உள்ளே நிற்கக் கூடாது, கைபேசியும் வேண்டாம்.

பலகையைக் கால் பக்கம் சற்றுத் தாழ்வாக வையுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு நீர் முதுகுக்கு அடியில் தேங்கி, கழுவிய இடத்தையே மீண்டும் அசுத்தமாக்கும். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்கும் துணி அடர்நிறத்தில், கனமாக இருக்கட்டும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். பல வீடுகளில் நடக்கும் தவறு இது.

மூன்று பெரிய வாளி நீரைத் தயார் செய்யுங்கள். முதலாவதில் இலந்தை இலை. அரபு நாட்டின் ஸித்ர் மரமும் நம்மூர் இலந்தையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டு கைப்பிடி இலையை அரைத்தோ காய்ந்த பொடியைக் கரைத்தோ கைகளால் நன்றாக அலசினால் நுரை வரும். அதைத் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் இலைத் துணுக்கு தலைமுடியிலும் தாடியிலும் ஒட்டிக்கொள்ளும். இலை கிடைக்காவிட்டால் சோப்பு போதும். இரண்டாவது வாளியில் வெறும் நீர். மூன்றாவதில் கொஞ்சம் கற்பூரம். விளக்கேற்றும் சூடம் வேண்டாம், பச்சைக் கற்பூரம் நல்லது. கற்பூரம் நீரில் எளிதில் கரையாது. பொடித்துப் போட்டுக் கலக்காவிட்டால் மேலே மிதந்துகொண்டே இருக்கும். வாசனை தெரிந்தால் போதும், நீரின் தன்மையே மாறும் அளவுக்குப் போட வேண்டியதில்லை. நீர் இளஞ்சூடாக இருக்கட்டும். கொதிநீர் தோலை உரித்துவிடும்.

இந்த அளவுக்கெல்லாம் அடிப்படை நபித்தோழி உம்மு அத்திய்யா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி). நபி (ஸல்) அவர்கள் தம் மகளைக் குளிப்பாட்டிய பெண்களிடம், நீராலும் இலந்தையாலும் மூன்று முறையோ ஐந்து முறையோ தேவைப்பட்டால் அதற்கு மேலோ கழுவச் சொன்னார்கள். கடைசி முறையில் கற்பூரம் சேர்க்கவும், வலப்புறத்திலிருந்தும் ஒளுவின் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதன்) உறுப்புகளிலிருந்தும் தொடங்கவும் சொன்னார்கள். கட்டாயம் என்பது முழு உடலிலும் ஒரு முறை சுத்த நீர் ஓடுவதுதான். மூன்று முறை சுன்னத் (நபிவழி). ஷாஃபிஈ மத்ஹபில் இலந்தை கலந்து நிறம் மாறிய நீர் கட்டாயக் குளிப்பாகக் கணக்கில் வராது. அதனால் நடுவில் வெறும் நீர் ஊற்றுவதை விட்டுவிடாதீர்கள்.

தொடங்கும் முன் நகை, பல் செட், நகச்சாயம் ஆகியவற்றை அகற்றுங்கள். நகச்சாயம் இருந்தால் நீர் நகத்தைத் தொடாது. மருத்துவமனையிலிருந்து வந்த உடல் என்றால் ஊசிக் குழாய், சிறுநீர்க் குழாய், பிளாஸ்திரி எல்லாவற்றையும் பாருங்கள். பிளாஸ்திரியை வெடுக்கென இழுத்தால் முதியவர்களின் தோல் கூடவே வரும். நனைத்து ஊறவிட்டு எடுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிட்டவருக்கு ஊசி போட்ட துளையிலிருந்து கசிவு நிற்காது. பஞ்சை வைத்து அழுத்தி, மேலே புது பிளாஸ்திரி ஒட்டிவிடலாம். நகத்தையோ முடியையோ வெட்ட வேண்டாம்.

நிய்யத் (மனதில் எண்ணம்) செய்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வயிற்றை மேலிருந்து கீழாக மென்மையாகத் தடவுங்கள். கர்ப்பிணி என்றால் இதைச் செய்யக் கூடாது. கையுறை போட்டு, அதன் மேல் துணி சுற்றி, மூடிய துணிக்கு அடியில் கைவிட்டு, பார்க்காமலே மறைவிடத்தைச் சுத்தம் செய்யுங்கள். துணி அசுத்தமில்லாமல் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அவசரப்பட்டு இதை அரைகுறையாக விட்டால் கஃபனிட்ட பிறகு கறை தெரியும். முடிந்ததும் அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்து வேறு போடுங்கள்.

பிறகு ஒளு. வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோ நீர் ஊற்ற வேண்டாம். உள்ளே போன நீர் பின்னர் வெளியே வரும். ஈரப் பஞ்சை விரலில் சுற்றிப் பல்லையும் மூக்குத் துளைகளையும் துடையுங்கள். முகம், கைகள், தலை, கால்கள் என்று வழக்கமான ஒழுங்கில் முடியுங்கள்.

தலையையும் தாடியையும் இலந்தை நீரால் கழுவிவிட்டு உடலுக்கு வாருங்கள். மல்லாந்த நிலையில் கழுத்திலிருந்து பாதம் வரை வலப்புறம், அடுத்து இடப்புறம். பிறகு இடப்பக்கம் சாய்த்து முதுகின் வலப் பாதி, வலப்பக்கம் சாய்த்து இடப் பாதி. குப்புறப் படுக்க வைக்கவே கூடாது. அக்குள், காதின் பின்புறம், விரலிடுக்கு, கொழுப்பு மடிப்புகள்: நீர் போகாமல் தப்பும் இடங்கள் இவையே. இதே வரிசையில் இரண்டாவது வாளி, மூன்றாவது வாளி. பிரேதப் பரிசோதனை முடிந்த உடலில் தையலைத் தேய்க்காமல் நீரை மெல்ல ஓடவிடுங்கள். கசிவு இருந்தால் பஞ்சு வைத்துக் கட்டி, கஃபனுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிக்கலாம். நீர் படவே முடியாத அளவு சிதைந்த உடலுக்குத் தயம்மும் (நீருக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணால் தடவுதல்). குளிப்பு முடிந்தபின் அசுத்தம் வெளிப்பட்டால் அந்த இடத்தை மட்டும் கழுவினால் போதும், குளிப்பைத் திரும்பச் செய்யத் தேவையில்லை என்பதே இரு மத்ஹபுகளின் நிலை.

கஃபனை முன்பே விரித்து வைத்திருக்க வேண்டும். ஈர உடலை வைத்துக்கொண்டு துணி வெட்டக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில் கஃபனிடப்பட்டார்கள், அதில் சட்டையும் தலைப்பாகையும் இல்லை என்கிறார்கள் அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி). ஷாஃபிஈ மத்ஹபில் ஆணுக்கு மூன்று போர்வைகள். ஹனஃபியில் ஒரு போர்வை, ஓர் உள்துணி, கழுத்து முதல் பாதம் வரை கையில்லாத கமீஸ் (சட்டை). பெண்ணுக்கு இரண்டிலும் ஐந்து: ஷாஃபிஈயில் இடுப்புத் துணி, கமீஸ், முக்காடு, இரண்டு போர்வைகள், ஹனஃபியில் இரண்டாம் போர்வைக்குப் பதிலாக மார்புத் துணி. வசதி இல்லாவிட்டால் உடல் முழுவதையும் மறைக்கும் ஒரே துணியும் போதும்.

ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குப் போர்வை ஒன்று இரண்டரை மீட்டர் வேண்டும், தலையிலும் காலிலும் முடிச்சிட இடம் அப்போதுதான் இருக்கும். அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் பருத்த உடலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்ற முடியாது. அகலம் குறைவான துணி என்றால் இரண்டைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பட்டு ஆணுக்குக் கூடாது. விலை உயர்ந்த துணி யாருக்குமே தேவையில்லை.

முதலில் நான்கைந்து கட்டுத் துணிகளைக் குறுக்கே வையுங்கள், அதன் மேல் போர்வைகள். சாம்பிராணிப் புகை காட்டி, அத்தர் தடவுங்கள். உடலை நன்றாகத் துடைத்து, மறைப்பு விலகாமல் தூக்கி அதில் கிடத்துங்கள். நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் ஆகிய, ஸஜ்தாவில் (தொழுகையில் சிரம் பணிகையில்) தரையைத் தொடும் உறுப்புகளில் கற்பூரம் இடுங்கள். பெண்ணின் கூந்தலை ஷாஃபிஈகள் மூன்று பின்னலாக்கிப் பின்னால் விடுவார்கள், ஹனஃபிகள் இரண்டாக்கி மார்பின் மேல் வைப்பார்கள். இடப்பக்கத் துணியை முதலில் மடித்து, அதன் மேல் வலப்பக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு துணிக்கும் இதே ஒழுங்கு. கட்டுகளை இழுத்தால் அவிழும் முடிச்சாக, பக்கவாட்டில் போடுங்கள். கபுரில் (அடக்கக் குழியில்) இறக்கியதும் அவிழ்க்க வேண்டியவை அவை. இறந்தவர் இஹ்ராமில் (ஹஜ், உம்ரா யாத்திரைக்கான நிலையில்) இருந்த ஆண் என்றால் அவருடைய இரண்டு இஹ்ராம் துணிகளே கஃபன்; வாசனையும் கிடையாது, தலையையும் மூடக் கூடாது என்பது ஷாஃபிஈ நிலை. ஹனஃபியில் மற்றவர்களைப் போலவே கஃபனிடுவார்கள்.

கஃபன், கபுர் செலவு இறந்தவரின் சொந்தப் பணத்திலிருந்துதான் முதலில் எடுக்கப்படும். கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் (உயில்), வாரிசுப் பங்கீடு எல்லாம் அதற்குப் பிறகே. மனைவி இறந்தால் செலவு கணவனைச் சேரும். குளிப்பாட்டியவர் பிறகு தாமும் குளிப்பது சுன்னத். பயன்படுத்திய பஞ்சையும் கையுறையையும் பையில் கட்டி அப்புறப்படுத்தி, பலகையைச் சோப்பிட்டுக் கழுவி, பள்ளிவாசலில் அன்றே ஒப்படைத்துவிடுங்கள்.